பதினான்குக்கு ஐந்தரை

லாசுப்பேட்டையில் தண்ணீர் ஆறு மணிக்கு வரும்,
ஏழரைக்கு நின்றுவிடும்.
அதற்குள் குளியல், பாத்திரம், புல்.
போர் தண்ணீரை ஊற்றிடாதீங்க, நுனி கருகிடும்
என்றார் நர்சரிக்காரர் எட்டியப்பன்,
குழாயடியில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து,
துப்பி.

கேட்டிலிருந்து படிவரைக்கும் புல்தரை.
நடுவில் செவ்வகமாய் ஒரு வழுக்கை.
இஞ்ச் டேப் வைத்து அளந்தேன்:
பதினான்கு அடிக்கு ஐந்தரை.
பதினோரு வருஷம்
அவருடைய அம்பாசிடர் நின்ற இடம்.

டீசல் வண்டி. ஒழுகும்.
ஒரு சொட்டுதானே என்பார்.
ஒரு சொட்டுதான்,
ராத்திரிக்கு ஒன்று.

வீடு என் பெயரில் என் அப்பா வாங்கியது,
வண்டி அவர் வாங்கியது.
கோர்ட்டில் சண்டையில்லாமல் முடிந்தது.
செவ்வகத்தைப் பற்றி
யாரும் எதுவும் கேட்கவில்லை.

முதல் தடவை அவசரப்பட்டேன்.
கொரியன் புல், எழுபத்தேழு சதுர அடி,
டைல்ஸ் பதிக்கிற மாதிரி மேலேயே பரப்பினேன்.
இருபதாம் நாள் மஞ்சள்.
முப்பதாம் நாள் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால்
பாய் மாதிரி சுருண்டு கையோடு வந்தது.
ஒரு வேர்கூட இறங்கவில்லை.
எட்டியப்பன் சிரிக்கவில்லை, அதுதான் அவரிடம் பிடித்தது.
கீழ இருக்கிறத எடுக்காம
மேல போட்டா அது என்னம்மா பண்ணும் என்றார்.

மாடிவீட்டு ஜெர்மேன் டீச்சரிடம் மண்வெட்டி வாங்கி
ஒரு முழம் தோண்டினேன்.
எஞ்சின் நின்ற இடத்தில் மண் இல்லை, கருப்பு அல்வா.
பழைய பெட்ரோல் பங்க் வாசனை.
தீக்குச்சிகள், ஒரு டயர் மூடி,
அப்புறம் பளபளவென்று ஒன்று.
தொலைந்துபோன மூக்குத்தித் திருகு என்று
நெஞ்சு ஒரு கணம் துள்ளியது.
கழுவிப் பார்த்தேன். நட்.

இருபத்தாறு சாக்கு.
குப்பை வண்டிக்கார அலமேலு
ஒரு சாக்கை அவிழ்த்து முகர்ந்துவிட்டுக் கேட்டாள்:
இது எதுல சேரும்க்கா,
மக்குறதா, மக்காததா?

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
சாக்குகள் மூன்று வாரம் சுவரோரம் இருந்தன.

கோரிமேட்டிலிருந்து செம்மண், கொஞ்சம் மணல்,
மாட்டெரு, வேப்பம் புண்ணாக்கு.
ராத்திரி முழுக்க வேம்பு நாறியது,
நிம்மதியாகத் தூங்கினேன்.
விடிந்ததும் பலகை போட்டு மட்டம் பார்த்து
குதிகாலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தி,
செங்கல் வரிசை மாதிரி இணைப்பு மாற்றி மாற்றிப்
புல் கட்டிகளைப் பதித்து
பலகையால் மேலே அடித்தேன்.
டப். டப்.
மாடியிலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்து,
யாரை அந்த அடி அடிக்கிறே?

நாலாம் வாரம் கோரை வந்தது.
கொரியாக்காரனைக் குத்திக்கொண்டு,
ஊசி ஊசியாக, யாரும் தண்ணீர் காட்டாமல்.
கோரையைப் பிடுங்கினால் தலைதான் வரும்.
கிழங்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு
அடுத்த தலையை அனுப்பும்.
ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டி போட்டு
ஸ்க்ரூடிரைவரால் நெம்பி நெம்பி எடுக்கிறேன்.
முந்நூற்றுப் பதினாறு வரை எண்ணினேன்.
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்,
எடுப்பதை விடவில்லை.

மார்கழியில் கட்டிகளின் இடைவெளி மூடியது.
முதல் வெட்டுக்குக் கை நடுங்கியது.
தரையோடு வெட்டாதீங்க,
மூணுல ஒரு பங்கு போதும்
என்று போனில் எட்டியப்பன்.
மூன்றில் ஒரு பங்கு என்பது எவ்வளவு என்று
ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், வெட்கமில்லாமல்.

பங்குனியில் பாங்க் லோன் போட்டு
செகண்ட் ஹேண்டில் ஒரு வேகன் ஆர் எடுத்தேன்.
தெருவில் நிறுத்துகிறேன்.
மரத்துக் காக்கைகள் தினமும்
கண்ணாடிக்கு வெள்ளையடிக்கின்றன.
உள்ளே இவ்ளோ இடம் இருக்கே,
எதுக்கு வெயில்ல போடறே என்றார் டீச்சர்.

அங்கே இடமில்லை டீச்சர்
என்று சொல்ல வாயெடுத்தவள்
கால் பக்கத்தில் ஒரு பச்சை ஊசியைப் பார்த்துக்
குனிந்துவிட்டேன்.